அமோக்ஸிசிலின்: ஃபார்மசி கவுண்டர்ல அடிக்கடி கேக்குற கேள்விங்க

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல ஃபார்மசிஸ்ட்டா வேலை செய்றேன். சுத்தி இருக்கிற தோட்டங்கள்ல இருந்து வர்றவங்க, டவுன்ல தாமான் வீட்டுல இருக்கிறவங்க, எல்லாரும் இந்த ஒரு மருந்தப் பத்தித்தான் அதிகமா கேக்குறாங்க. அவங்க கேட்ட மாதிரியே கேள்விய எழுதி கீழ பதில் போட்டிருக்கேன். உங்க உடம்ப தொட்டுப் பார்த்த டாக்டர் வேற மாதிரி சொன்னா அவர் சொல்றதத்தான் கேக்கணும், நான் உங்கள பார்க்கல.

அமோக்ஸிசிலின்னா என்னா மிஸ், பனடோல் மாதிரி வலி மாத்திரையா?

இல்லைங்க. பனடோல் காய்ச்சலயும் வலியயும் கொறைக்கும், அமோக்ஸிசிலின் பாக்டீரியா கிருமிய கொல்லும். இது பெனிசிலின் குடும்பத்துல வந்த ஆண்டிபயோடிக். 1928ல அலெக்சாண்டர் ஃபிளெமிங் பூஞ்சையில இருந்து கண்டுபிடிச்ச பெனிசிலின வெச்சி பின்னாடி இங்கிலாந்துல பீச்சம் கம்பெனிக்காரங்க மாத்தி மாத்தி செஞ்சதுல இது ஒண்ணு, 1972ல விற்பனைக்கு வந்தது. பழசுதான், ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இன்னும் இருக்கு.

பாக்டீரியாவுக்கு வெளிய ஒரு சுவர் இருக்கும், அது வளரும்போது அந்த சுவர கட்டிக்கிட்டே போவும். இந்த மருந்து அந்த கட்டுற வேலைய நிறுத்திடும், சுவர் பலம் இல்லாம கிருமி வெடிச்சி செத்துடும். நம்ம உடம்பு செல்லுக்கு அந்த சுவர் கிடையாது, அதனாலதான் நமக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆவறதில்ல. இந்த ஒரு விசயத்த ஞாபகம் வெச்சிக்கிட்டீங்கன்னா கீழ வர்ற பாதி கேள்விக்கு பதில் நீங்களே சொல்லிடுவீங்க.

சளி காய்ச்சலுக்கு போனா வெறும் பனடோலும் இருமல் மருந்தும் குடுத்து அனுப்பிடுறாங்க, ஆண்டிபயோடிக் கேட்டாலும் குடுக்க மாட்றாங்களே?

சளி, ஃபுளு, சாதாரண தொண்டை கரகரப்பு, இதெல்லாம் பெரும்பாலும் வைரஸ். வைரஸுக்கு மேல சொன்ன சுவரே இல்ல, அப்புறம் மருந்து எத போயி உடைக்கும்? "போன தடவ சாப்பிட்டேன் மூணு நாள்ல நல்லாயிடுச்சே"ன்னு சொல்லுவாங்க. சாப்பிடாம இருந்திருந்தாலும் நல்லாயிருக்கும்ங்க, ஃபுளு காய்ச்சல் தானா எறங்குற கணக்கு அது. மூக்குல பச்சையா மஞ்சளா வந்தா பாக்டீரியான்னு ஒரு நம்பிக்க வேற இருக்கு, கலர் மட்டும் வெச்சி அப்படி சொல்ல முடியாது.

கவர்மெண்ட் கிளினிக்ல 1 வெள்ளி கட்டி வெறும் பனடோல் வாங்கிட்டு வந்தா ஏமாந்த மாதிரி தோணுது, புரியுது. ஆனா அந்த டாக்டர் உங்க தொண்டைய லைட் அடிச்சி பார்த்துட்டு வேணாம்னு சொன்னாருன்னா அது நல்ல டாக்டர்.

அப்ப எதுக்குத்தான் குடுக்கிறாங்க?

பாக்டீரியாவால வர்ற தொண்டைப் புண் (காய்ச்சல் இருக்கும், இருமல் இருக்காது, டான்சில்ல வெள்ள வெள்ளயா படிஞ்சிருக்கும், கழுத்துல நெறி கட்டி தொட்டா வலிக்கும்), பிள்ளைங்களுக்கு வர்ற காது சீழ், நிமோனியா, சில சைனஸ், பல்லுல சீழ் வெச்சி முகம் வீங்குறது, வயித்துப் புண்ணு கிருமி, இப்படி. எல்லாத்துக்கும் ஒரே அளவு இல்ல, ஒரே நாள் கணக்கும் இல்ல. மூத்திர எரிச்சலுக்கு முன்ன குடுத்தாங்க, இப்ப அந்தக் கிருமி நிறைய இதுக்கு அடங்கறதில்ல, அதனால டாக்டர் பெரும்பாலும் வேற மருந்துதான் எழுதுவார்.

டாக்டர் லெட்டர் இல்லாம ரெண்டு ஸ்ட்ரிப் குடுங்களேன் தங்கச்சி, தெரிஞ்ச மருந்துதானே?

முடியாதுங்க அண்ணே. 1952 விஷச் சட்டத்துல ஆண்டிபயோடிக் எல்லாம் குரூப் பி, டாக்டரோ பல் டாக்டரோ எழுதிக் குடுத்தாத்தான் ஃபார்மசியில குடுக்கலாம். இருமல் மருந்து, அலர்ஜி மாத்திரை சிலது குரூப் சி, அதெல்லாம் நானே கேட்டு விசாரிச்சி பேர எழுதிட்டு குடுக்கலாம். குரூப் பிய அப்படி குடுத்தா குத்தம். கோவிச்சிக்கிட்டு எதிர் கடைக்கு போறவங்க இருக்காங்க, போகட்டும்.

சட்டம் ஒரு பக்கம். சிவப்பு மஞ்சள் கேப்ஸ்யூல டிஸ்யூல சுத்தி கொண்டாந்து "இதே மாதிரி குடுங்க"ன்னு ஒரு பாட்டி நின்னாங்க, ஸ்ட்ரிப்பும் இல்ல பேரும் இல்ல. கேப்ஸ்யூல் மேல பொடி எழுத்துல அடிச்சிருக்கிறத கண்ணாடி போட்டுப் பார்த்தா அது அமோக்ஸிசிலினே இல்ல. கலர ஒவ்வொரு கம்பெனியும் அவன் இஷ்டத்துக்கு போடுவான், கலர வெச்சி மருந்து அடையாளம் சொல்ல முடியாது.

சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா? பால், மைலோ, தே தாரேக் கூட குடிக்கலாமா?

எப்ப வேணும்னாலும் சாப்பிடலாம், வெறும் வயித்துல குமட்டுச்சின்னா சாப்பிட்டுட்டு போடுங்க. பால் பிரச்சனை இல்ல. பாலோட சாப்பிடக்கூடாதுன்னு சொல்றது டாக்ஸிசைக்கிளின், சிப்ரோஃபிளாக்ஸாசின் மாதிரி வேற ஆண்டிபயோடிக்குக்கு, அத எல்லாத்துக்கும் சேர்த்து சொல்லிட்டாங்க ஊர்ல. தண்ணி மட்டும் தாராளமா குடிங்க.

ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு போட்டிருக்கு, நான் விடியக்காத்தால தோட்டத்து வேலைக்கு பெரட்டுக்கு போறவன், எப்படி சாப்பிடுறது?

மூணு வேளைன்னா மூணு சாப்பாட்டு நேரம்னு எடுத்துக்காதீங்க, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு அர்த்தம். இந்த மருந்து ரத்தத்துல ரொம்ப நேரம் நிக்காது, கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு சுமார் 1 மணி நேரத்துல பாதி எறங்கிடும். கிருமி மேல மருந்து எவ்வளவு நேரம் விடாம இருக்குங்கிறதுதான் இங்க கணக்கு. காலைல 8, மதியம் 12, சாயங்காலம் 6னு போட்டா ராத்திரி முழுக்க கிருமி நிம்மதியா தூங்கும்.

பெரட்டுக்கு போறவங்களுக்கு உண்மையில இது ரொம்ப வசதி. விடியக்காலைல கிளம்பறப்ப 5 மணிக்கு ஒண்ணு, வேலை முடிஞ்சி வந்து மதியம் 1 மணிக்கு ஒண்ணு, படுக்கப் போறப்ப 9 மணிக்கு ஒண்ணு. அரை மணி ஒரு மணி முன்ன பின்ன ஆனா ஒண்ணும் இல்ல. பெரியவங்களுக்கு வழக்கமா ஒரு வேளைக்கு 250 இல்ல 500 மில்லிகிராம், சில நோய்க்கு ரெண்டு வேளைதான் எழுதுவாங்க, உங்க பாக்கெட்டுல என்ன எழுதியிருக்கோ அது.

ஒரு வேளை மறந்துட்டேன், ரெண்டா சேர்த்து போட்டுக்கலாமா?

வேணாம். ஞாபகம் வந்த உடனே ஒண்ணு போடுங்க, அடுத்த வேளை கிட்டத்தட்ட வந்துடுச்சின்னா விட்டதை விட்டுட்டு அடுத்ததை நேரத்துக்கு போடுங்க.

தோட்டத்து ஆஸ்பித்திரில டிரஸ்ஸர் ஐயா ஒரு ஊசி போட்டா மறுநாள் வேலைக்கு போவோம், இப்ப வெறும் மாத்திரைய குடுக்கிறாங்க, ஊசிதானே நல்லது?

அந்தக் காலத்து பெனிசிலின் ஊசிக்கு காரணம் வேற தாத்தா. பழைய பெனிசிலின வாயில போட்டா வயித்து ஆசிட் கெடுத்துடும், அதனால ஊசியாத்தான் போட்டாகணும். அமோக்ஸிசிலின் ஆசிட்டுக்கு தாங்கும், குடல்ல பெரும்பகுதி ரத்தத்துக்கு போயிடும். முழுங்க முடியாம வாந்தி எடுக்கிறவங்க, ரொம்ப மோசமா இருக்கிறவங்க, இவங்களுக்கு ஊசி வேணும். மத்தவங்களுக்கு மாத்திரை போதும்.

மூணு நாள்ல நல்லாயிட்டேன், நிறுத்திடலாமா?

இதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. எல்லா நோய்க்கும் நீட்டி நீட்டி சாப்பிடணும்னு இப்ப டாக்டருங்களே சொல்றதில்ல, சாதாரண நிமோனியாவுக்கு 5 நாள் போதும்ங்கிற நிலைக்கு வந்துட்டாங்க. ஆனா பாக்டீரியா தொண்டைப் புண்ணுக்கு 10 நாள் எழுதினா 10 நாள் சாப்பிடணும். வலி மூணாம் நாளே போயிடும், அதுக்கு மேல சாப்பிடுறது தொண்டைக்காக இல்ல, இதயத்துக்காக. அந்தக் கிருமிய அரைகுறையா விட்டா சில பிள்ளைங்களுக்கு ருமேட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப் போவும். அப்படி கெட்டவங்க வருசக்கணக்கா மூணு நாலு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போட்டுக்கிட்டு இருக்கிறாங்க.

அதனால நாள் கணக்க எழுதின டாக்டர்தான் குறைக்கலாம், நீங்களா குறைக்காதீங்க. சீக்கிரம் நல்லாயிட்டா கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு கேளுங்க, கேட்டா யாரும் திட்ட மாட்டாங்க.

மிச்சம் ஆறு கேப்ஸ்யூல் இருக்கு, வெச்சிருந்தா அவசரத்துக்கு ஆவுமே?

பிஸ்கட் டின்னுல போட்டு சாமி அலமாரி மேல வெச்சிருப்பீங்க, பக்கத்து வீட்டு அக்கா மகனுக்கு தொண்டை வலின்னு வந்தா அதுல நாலு எடுத்துக் குடுப்பீங்க. நல்ல மனசுதான். ஆனா அந்தப் பையனுக்கு வைரஸா இருந்தா நாலும் வீண், பாக்டீரியாவா இருந்தா நாலு பத்தாது, அலர்ஜி இருந்தா ஆபத்து. மூணுல எதுவா இருந்தாலும் நஷ்டம். அரைகுறை அளவு குடுத்து கிருமிய பழக்கிடாதீங்கன்னு ஃபிளெமிங்கே 1945ல நோபல் பரிசு வாங்கினப்ப பேசின பேச்சுல எச்சரிச்சிருக்கார்.

மிச்சம் இருந்தா ஃபார்மசிக்கோ ஆஸ்பித்திரி மருந்து கவுண்டருக்கோ கொண்டாந்து குடுங்க. டாய்லெட்ல கொட்டாதீங்க, கோழி மேயுற இடத்துல எறியாதீங்க.

பிள்ளைக்கு பாட்டில்ல பவுடரா குடுத்தாங்க, எப்படி கலக்குறது?

முடிஞ்சா வாங்குற இடத்துலயே கலக்கச் சொல்லிடுங்க. வீட்டுல கலக்குறதுன்னா கொதிக்க வெச்சி நல்லா ஆறின தண்ணி எடுத்துக்குங்க, சுடு தண்ணி கூடாது. மூடி திறக்கறதுக்கு முன்ன பாட்டில உள்ளங்கையில தட்டி பவுடர உதிர்த்து விடுங்க. பாதி தண்ணி ஊத்தி குலுக்குங்க, அப்புறம் பாட்டில்ல இருக்கிற கோடு வரைக்கும் ஊத்தி மறுபடி குலுக்குங்க. நுரை அடங்கின பிறகு பார்த்தா தண்ணி கோட்டுக்கு கீழ எறங்கியிருக்கும், அந்தக் குறைய மட்டும் ஊத்துங்க. நுரையோட சேர்த்து கோடு பார்க்கிறதாலதான் மருந்து கெட்டியாயி அளவு கூடிடுது. குடுக்கறப்ப ஒவ்வொரு தடவையும் குலுக்கணும், இல்லன்னா அடியில தங்கிடும்.

கலந்த தேதிய பாட்டில் மேல எழுதி ஐஸ்பெட்டியில வைங்க, மேல ஐஸ் கட்டுற இடத்துல வேணாம். லேபிள்ல 7 நாள்னு இருந்தா 7 நாள், சில கம்பெனி மருந்து 14 நாள் வரைக்கும் போவும், அது முடிஞ்சா மிச்சத்த வெச்சிக்காதீங்க. இன்னொண்ணு, 5 மில்லியில 125 மில்லிகிராம் இருக்கிற பாட்டிலும் இருக்கு, 250 இருக்கிற பாட்டிலும் இருக்கு. போன தடவ 5 மில்லி குடுத்தேன்னு இந்த தடவையும் அதே குடுத்தா டபுளா போயிடலாம் இல்ல பாதியா போயிடலாம். பிள்ளையோட எடைய வெச்சித்தான் டாக்டர் கணக்கு போடுவார். சமையக்கட்டு கரண்டி வேணாம், கூட குடுக்கிற சிரிஞ்சுல அளந்து கன்னத்து ஓரமா விடுங்க. பால் பாட்டில்ல கலந்து குடுத்து பிள்ளை பாதியில விட்டா எவ்வளவு உள்ள போச்சின்னு யாருக்கும் தெரியாது.

பிள்ளை பொறந்தப்ப ஜி-சிக்ஸ்-பி-டி குறைன்னு சொன்னாங்க, இத குடுக்கலாமா?

குடுக்கலாம். ரத்த சிவப்பணுவ பாதுகாக்கிற ஒரு என்சைம் குறைச்சலா இருக்கிறதுதான் இந்தக் குறை. நம்ம நாட்டுல பொறந்த உடனே தொப்புள் கொடி ரத்தத்துல அந்த டெஸ்ட் எடுத்துடுறாங்க, அதனால நிறைய அம்மாங்களுக்கு இந்தப் பயம் இருக்கு. அவங்களுக்கு ஆகாத மருந்து லிஸ்ட்டுல அமோக்ஸிசிலின் இல்ல. ஆனா வேற ஆண்டிபயோடிக் சிலது ஆகாது, அதனால எங்க போனாலும் இந்த குறைய முதல்ல சொல்லுங்க. துணி அலமாரியில போடுற நாஃப்தலின் உருண்டையும் வீட்டுல வேணாம்.

ரெண்டு நாளா வயித்தால போவுது, மருந்த நிறுத்திடவா?

லேசா போனா நிறுத்த வேணாம். மருந்து நோய்க்கிருமிய மட்டும் தேடிப் போயி கொல்றதில்ல, குடல்ல இருக்கிற நல்ல கிருமியயும் சேர்த்து அடிக்குது, அதனால சிலருக்கு வயித்தால போவும், குமட்டும், வாயிலயோ பெண்களுக்கு கீழயோ வெள்ளயா பூஞ்சை புடிச்சி அரிக்கும். கஞ்சி, உப்பு சர்க்கரை தண்ணி பாக்கெட், போதும்.

தண்ணியா ஒரு நாளைக்கு பல தடவ போச்சின்னா, ரத்தம் கலந்து போச்சின்னா, காய்ச்சலோட வயிறு முறுக்குச்சின்னா டாக்டர பாருங்க. மருந்து முடிச்சி சில வாரம் கழிச்சி கூட இது வரலாம், அப்ப "நான் ஆண்டிபயோடிக் சாப்பிட்டேன்"னு சொல்லணும். கடையில வாங்கி வயித்த கட்டுற மாத்திரைய நீங்களா போடாதீங்க.

அண்ணனுக்கு பல் வலிக்கு குடுத்திருக்காங்க, சாயங்காலம் கொஞ்சம் தண்ணி போட்டா தப்பா?

அமோக்ஸிசிலின் மட்டும்னா பீரோ கள்ளோ மருந்தோட நேரடியா சண்ட போடாது, அப்படி ஒரு பயம் ஊர்ல சும்மா இருக்கு. ஆனா பல் டாக்டருங்க அமோக்ஸிசிலின் கூட மெட்ரோனிடசோல்னு இன்னொரு மாத்திரையும் சேர்த்து குடுக்கிறது வழக்கம். அதோட தண்ணி போட்டா சிலருக்கு முகம் சிவந்து நெஞ்சு படபடத்து வாந்தி வாந்தியா எடுக்கும். அத முடிச்சி ரெண்டு மூணு நாள் வரைக்கும் தொடக்கூடாது. அண்ணனோட பையில எத்தனை பாக்கெட் இருக்குன்னு பாருங்க, ரெண்டு இருந்தா ரெண்டோட பேரையும் படிங்க. படிக்கத் தெரியலன்னா கொண்டாங்க.

செம்பனை முள்ளு கால்ல குத்தி வீங்கியிருக்கு, வீட்டுல இருக்கிற அமோக்ஸிசிலின் போடவா?

போடாதீங்க. தோல்ல சீழ் புடிக்க வைக்கிறது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ்னு ஒரு கிருமி, அது அமோக்ஸிசிலின உடைக்கிற என்சைம ஒண்ண வெச்சிக்கிட்டு இருக்கு. அதுக்கு டாக்டருங்க குடுக்கிறது வழக்கமா கிளாக்சசிலின். பேரு ஒரே மாதிரி இருக்கு, பெனிசிலின் குடும்பம்தான், ஆனா வேலை வேற, சாப்பிடுற முறையும் வேற: வெறும் வயித்துல, ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு.

அதோட முள்ளு உள்ளயே ஒடிஞ்சி நின்னா எந்த ஆண்டிபயோடிக்கும் கேக்காது, எடுக்கணும். மூட்டுப் பக்கம் குத்தியிருந்தா இன்னும் மோசம். டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டீங்கன்னு கேப்பாங்க, யோசிச்சி வெச்சிக்குங்க. சர்க்கரை நோய் இருக்கிறவங்க கால்ல முள்ளுன்னா அன்னிக்கே போயிடுங்க, வலி தெரியலன்னு உக்காந்துடாதீங்க, வலி தெரியாம இருக்கிறதே அங்க பிரச்சனை.

காய்ச்சல் மூணு நாளா விடல, டிங்கியா இருந்தா இது கேக்குமா? எலி மூத்திரக் காய்ச்சலுக்கு?

டிங்கி வைரஸ், சளி கேள்வியில சொன்ன அதே காரணம்தான், கேக்காது. இதுல ஆபத்து என்னான்னா வீட்டுல இருக்கிற கேப்ஸ்யூல போட்டுட்டு "மருந்து சாப்பிடுறேன்ல"ன்னு ரெண்டு நாள் சும்மா இருந்துடுறாங்க, டிங்கில காய்ச்சல் எறங்குற நேரம்தான் மோசமான நேரம். வயிறு வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்ப சோர்வு, இதுல ஒண்ணு வந்தாலும் ஆஸ்பித்திரி. டிங்கி சந்தேகம் இருந்தா பனடோல் மட்டும், புரூஃபென் வோல்டரென் ஆஸ்பிரின் வேணாம்.

எலிக்காய்ச்சல் பாக்டீரியா, அது பெனிசிலின் வகைக்கு அடங்கும்தான், லேசா இருந்தா டாக்ஸிசைக்கிளினோ அமோக்ஸிசிலினோ எழுதுவாங்க. ஆனா முத்தினா கிட்னி லிவர் ரெண்டையும் பாதிக்கும், அப்ப ஆஸ்பித்திரில படுத்து ஊசி மருந்துதான். தோட்டத்துக் கால்வாய்ல எறங்கினேன், காய்ச்சல் இருக்கு, கெண்டைக்கால் சதை வலிக்குது, கண்ணு சிவந்திருக்குன்னு நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. என்ன வேலை செய்றீங்கன்னு எல்லா டாக்டரும் கேக்கிறதில்ல.

சின்ன வயசுல பெனிசிலின் அலர்ஜின்னு அம்மா சொன்னாங்க, என்ன ஆச்சின்னு யாருக்கும் ஞாபகம் இல்ல, இன்னும் அலர்ஜிதானா?

இல்லாம இருக்கிறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். பெனிசிலின் அலர்ஜின்னு சொல்றவங்கள முறையா டெஸ்ட் பண்ணா 10 பேர்ல 9 பேருக்கு அலர்ஜி இருக்கிறதில்ல. சிலருக்கு அன்னிக்கு வந்தது வைரஸ் காய்ச்சலோட பொரி, சிலருக்கு வெறும் வயித்தால போனத அலர்ஜின்னு எழுதிட்டாங்க. உண்மையான அலர்ஜி இருந்தவங்கள்ல கூட 10 வருசம் தொடாம இருந்தா 80 சதவீதம் பேருக்கு அது போயிடும்.

அதுக்காக வீட்டுல ஒரு கேப்ஸ்யூல போட்டுப் பார்க்கிற வேலை வெச்சிக்காதீங்க, அது ஆஸ்பித்திரில ஊசியும் ஆளும் பக்கத்துல இருக்கிறப்ப செய்ற வேலை. டெஸ்ட் பண்ற வரைக்கும் அலர்ஜின்னே சொல்லுங்க. அம்மாகிட்ட, அத்தைகிட்ட கேட்டு மூணு விசயம் எழுதி வைங்க: என்ன மருந்து, போட்டு எவ்வளவு நேரத்துல வந்தது, என்ன வந்தது. அந்த மூணு வரி இருந்தா டாக்டருக்கு பாதி வேலை மிச்சம். ஆஸ்பித்திரில அலர்ஜி கார்டு குடுத்திருந்தா ஐசி (அடையாள அட்டை) கூடவே வெச்சிக்குங்க.

மருந்து ஆரம்பிச்சி அஞ்சாம் நாள் பிள்ளைக்கு மேலெல்லாம் சிவப்பா பொரிஞ்சிருக்கு, அலர்ஜிதானே?

எப்ப வந்தது, எப்படி இருக்குங்கிறதுதான் முக்கியம். முதல் வேளை போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள அரிப்போட தடிப்பு தடிப்பா எழும்பி, உதடு கண்ணு வீங்கி, மூச்சு இழுத்தா அது நெசமான அலர்ஜி, அவசரம். 999 கூப்பிடுங்க, படுக்க வெச்சி கால தூக்கி வைங்க, மூச்சு முட்டினா உக்கார வைங்க, நடக்க விடாதீங்க. அலர்ஜி மாத்திரை குடுத்துட்டு சரியாவுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது.

நாள் கழிச்சி தட்டம்மை மாதிரி தட்டையா, அரிப்பு அதிகம் இல்லாம, பிள்ளை விளையாடிக்கிட்டு இருந்தா அது பல நேரம் அந்த மாதிரி அலர்ஜி இல்ல. சுரப்பிக் காய்ச்சல்னு ஒரு வைரஸ் இருக்கு, தொண்டைப் புண் மாதிரியே வரும், அதுல அமோக்ஸிசிலின் குடுத்தா நிறைய பேருக்கு இப்படி பொரியும். இருந்தாலும் அடுத்த வேளைக்கு முன்ன டாக்டருக்கு காட்டிடுங்க, போன்ல போட்டோ புடிச்சி வெச்சிக்குங்க, போறதுக்குள்ள மறைஞ்சிடும். தோல்ல கொப்புளம், வாய்க்குள்ள புண், கண்ணு சிவந்து எரிச்சல், தோல் உரியுறது, இதுல எது இருந்தாலும் மருந்த நிறுத்திட்டு நேரா ஆஸ்பித்திரி.

எனக்கு நெசமாவே அலர்ஜி, அப்ப செஃபலெக்சின் குடுத்தா சாப்பிடலாமா?

அது செஃபலோஸ்போரின்னு பக்கத்து குடும்பம். பெனிசிலின் அலர்ஜி இருக்கிற எல்லாருக்கும் அது ஆகாதுன்னு முன்ன சொன்னாங்க, இப்ப அவ்வளவு பயம் இல்ல. ஆனா செஃபலெக்சினோட பக்கவாட்டு அமைப்பு ஆம்பிசிலின், அமோக்ஸிசிலின் சாயல்ல இருக்கு, அதனால இந்த ரெண்டுக்கும் மூச்சு இழுத்தவங்களுக்கு இத தவிர்த்துட்டு வேற எழுதுவாங்க. ஆக்மென்டின், ஆம்பிசிலின், கிளாக்சசிலின் இதெல்லாம் பெனிசிலினேதான், பேரு வேறன்னு ஏமாறாதீங்க.

ஆக்மென்டின் இதவிட ஸ்ட்ராங்கா? அது கேட்டு வாங்கட்டுமா?

ஆக்மென்டின்ல இருக்கிறதும் அமோக்ஸிசிலின்தான், கூட கிளாவுலனிக் ஆசிட் சேர்ந்திருக்கு. முள்ளு கேள்வியில சொன்னேனே, மருந்த உடைக்கிற என்சைம், அத கட்டிப் போடுறது இந்த ஆசிட்டோட வேலை. உடைக்காத கிருமிக்கு அது சும்மா கூட வர்றது, வயித்தால போறது மட்டும் ஜாஸ்தியாவும். அபூர்வமா, பெரும்பாலும் வயசான ஆம்பளைங்களுக்கு, மருந்து முடிஞ்சி வாரம் கழிச்சி கூட கண்ணு மஞ்சளாயி மூத்திரம் டீ மாதிரி போவும், அப்ப லிவர் பார்க்கணும். இத மட்டும் சாப்பாடு ஆரம்பிக்கறப்ப போடுங்க.

375 ரெண்டு சேர்த்தா 625க்கு சமம்னு வீட்டுல கணக்கு போடாதீங்க. 375ல அமோக்ஸிசிலின் 250, ஆசிட் 125. 625ல அமோக்ஸிசிலின் 500, ஆசிட் அதே 125தான். ரெண்டு போட்டா ஆசிட் டபுளாயிடும்.

மாசமா இருக்கேன் / பால் குடுக்கிறேன் / குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை சாப்பிடுறேன், பரவாயில்லையா?

மூணுக்கும் பரவாயில்ல. மாசமா இருக்கிறவங்களுக்கு டாக்டருங்க தைரியமா எழுதுற ஆண்டிபயோடிக்ல இது ஒண்ணு. தாய்ப்பால்ல ரொம்ப கொஞ்சமா போவும், பிள்ளைக்கு மலம் கொஞ்சம் இளகலாம், வாயில வெள்ள படியுதான்னு பாருங்க. கட்டுப்பாடு மாத்திரைய கெடுக்கிறது காசநோய்க்கு குடுக்கிற ரிஃபாம்பிசின், இது இல்ல. ஆனா வாந்தியோ வயித்தால போறதோ அதிகமா இருந்தா அந்த மாத்திரையே உடம்புல ஏறாது, அப்ப ஜாக்கிரதையா இருந்துக்குங்க.

அப்பாவுக்கு கிட்னி வீக், ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் வேற சாப்பிடுறாரு, குடுக்கலாமா?

குடுக்கலாம், ஆனா எழுதுற டாக்டருக்கு ரெண்டும் தெரிஞ்சிருக்கணும். இந்த மருந்து பெரும்பாலும் மூத்திரத்துலதான் வெளிய போவுது, கிட்னி ரொம்ப கெட்டிருந்தா அளவயோ வேளையயோ குறைப்பாங்க. வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு ஆண்டிபயோடிக் சேர்ந்தா ரத்தம் அதிகமா நீர்த்துப் போகலாம், அதனால ஐஎன்ஆர் டெஸ்ட்ட (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பார்க்கிறது) முன்கூட்டியே வெச்சிடுவாங்க. கவுட்ங்கிற மூட்டு வலிக்கு அல்லோபியூரினால் சாப்பிடுறவங்களுக்கு தோல்ல பொரி வர்ற வாய்ப்பு கூடுது. மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவ மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறவங்க கட்டாயம் சொல்லணும், அது உடம்புல தேங்கிடும்.

அப்பாவோட மருந்த எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில அள்ளிக்கிட்டு வாங்க. "வெள்ளையா ஒரு சின்ன மாத்திரை"ன்னு சொன்னா எங்களுக்கு எப்படிங்க தெரியும்.

வயித்துப் புண்ணுக்கு ஒரே வேளையில ரெண்டு கேப்ஸ்யூல் போடச் சொல்றாங்க, பல் புடுங்க போனா நாலு ஒண்ணா போடச் சொல்றாங்க, தப்பா எழுதிட்டாங்களா?

ரெண்டும் சரிதான். எச் பைலோரின்னு வயித்துல ஒரு கிருமி இருக்கு, அத ஒழிக்க 500ல ரெண்டு, அதாவது 1 கிராம், காலையும் ராத்திரியும், கூட கிளாரித்ரோமைசின், ஆசிட் குறைக்கிற மாத்திரை, வழக்கமா 14 நாள். வாய் கசக்கும், விட்டுடாதீங்க, முதல் தடவ கோட்ட விட்டா அடுத்த தடவ அதே மருந்து கேக்காம போகலாம்.

நாலு கேப்ஸ்யூல் 2 கிராம், அது செயற்கை வால்வு வெச்சவங்க மாதிரி சில இதய நோயாளிங்களுக்கு மட்டும், பல் வேலைக்கு 30ல இருந்து 60 நிமிசத்துக்கு முன்ன, ஒரே ஒரு தடவ. பல் புடுங்குறப்ப ஈறுல இருந்து கிருமி ரத்தத்துல ஏறி வால்வுல ஒட்டிடாம இருக்க. "பல் புடுங்குறதுன்னா நாலு"ன்னு பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு சொல்லிக் குடுத்துடாதீங்க.

ஊருக்குப் போயிட்டு வந்த மாமா இந்தியாவுல இருந்து கொண்டாந்தாரு. ஆட்டுக்கு வாங்கின பவுடரும் இதே பேருதான், சாப்பிடலாமா?

மாமா கொண்டாந்த ஸ்ட்ரிப்ப கவனிச்சி படிங்க, அங்க அமோக்ஸிசிலின் கூட கிளாக்சசிலின் சேர்ந்த மாத்திரை சகஜம், நீங்க நினைக்கிற மருந்து அதுல பாதிதான் இருக்கும். பெட்டியில்லாம காடி டேஷ்போர்டுல வெயில்ல கெடந்து வந்ததுன்னா பேச்சே வேணாம். இங்க வாங்கறப்ப பெட்டியில எம்ஏஎல்னு ஆரம்பிக்கிற மருந்து பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க.

ஆட்டு மருந்து ஆட்டுக்குத்தான். அளவு வேற, கூட கலந்திருக்கிறதும் மனுசனுக்கு கணக்கு போட்டு செஞ்சதில்ல. ஆட்டுக்கு குடுத்திருந்தாலும் லேபிள்ல போட்டிருக்கிற நாள் முடியாம பாலக் கறந்து குடிக்காதீங்க, அறுக்காதீங்க, பெனிசிலின் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு அலர்ஜி கிளம்ப அதுல தங்கியிருக்கிற மருந்தே போதும்.

சின்னவன் ஆரஞ்சு டேஸ்ட்டா இருக்குன்னு பாதி பாட்டில குடிச்சிட்டான்!

பதறாதீங்க, அமோக்ஸிசிலின் அளவு கூடினா பெரும்பாலும் குமட்டும், வயித்தால போவும், அதோட போயிடும். ரொம்ப அதிகமா போனா மூத்திரத்துல படிகமா படிஞ்சி கிட்னிய அடைக்கலாம், மூத்திரம் குறைஞ்சாலோ ரத்தமா வந்தாலோ உடனே ஆஸ்பித்திரி. வாந்தி எடுக்க வைக்காதீங்க, தண்ணி குடுங்க, பாட்டில எடுத்துக்கிட்டு கிளினிக்குக்கு போங்க, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துத்தான் அவங்க கணக்கு போடுவாங்க. பினாங்கு யூஎஸ்எம்ல இருக்கிற தேசிய விஷ மையத்துக்கு டாக்டரே போன் போட்டு கேப்பார். அலர்ஜி இருக்கிற பிள்ளைன்னா இந்தப் பதில விட்டுட்டு பொரி கேள்விக்கு மேல போங்க.